டோக்கியோவில் இருந்துகொண்டு காஷிமா ஆன்ட்லர்ஸை ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர: டிக்கெட், பஸ், மேடை, சாப்பாடு

தொஸாய்_லைன்:
வணக்கம். இருப்பிடம் டோக்கியோவின் நிஷி-கசாய். ஆகஸ்ட்டில் தொடங்கும் 2026-27 சீசனில் காஷிமா ஆன்ட்லர்ஸ் கால்பந்து அணியை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை தொடர எண்ணம். சீசன் டிக்கெட் எடுக்கலாமா, ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்குவது மேலா? மைதானத்துக்கு ரயிலா, பஸ்ஸா? கோல் கம்பத்துக்குப் பின்னால் புதிதாக வருகிறவர் நிற்கலாமா? ஜப்பானிய மொழி கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் தெரியும்.

மான்கொம்பு:
சீசன் டிக்கெட்டைப் பற்றிப் பேசும் முன் வரைபடத்தைப் பாருங்கள். ஜப்பானின் முதல்நிலை லீக்கான ஜே1-இல் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். 19 சொந்த மைதானத்தில், 19 வெளியில். 2026-இன் முதல் பாதியில் நடந்த இடைக்காலப் போட்டிக்கு ஏற்றம் இறக்கம் (அணிகள் பிரிவு மாறுவது) கிடையாது என்பதால், 2025 முடிவில் தேறிய அதே 20 அணிகள்தான் இந்தச் சீசனிலும். காஷிமாவை விட்டால் அதில் 9 அணிகள் டோக்கியோவைச் சுற்றிய கான்டோ வட்டாரத்தவை: உராவா, காஷிவா, எஃப்சி டோக்கியோ, டோக்கியோ வெர்டி, மச்சிதா, காவாசாகி, யோகோஹாமா மரினோஸ், சிபா, மிட்டோ.

ஆக, டோக்கியோவில் இருக்கும் காஷிமா ரசிகருக்கு வெளியூர் ஆட்டம்தான் பக்கம், சொந்த மைதானம்தான் தூரம். எஃப்சி டோக்கியோவும் வெர்டியும் ஆடும் அஜினோமோட்டோ மைதானம், கெய்யோ லைனில் தோபிதாக்யூ நிலையத்திலிருந்து 5 நிமிட நடை. சிபாவின் மைதானம் சோகா நிலையத்திலிருந்து 10 நிமிடம்கூட ஆகாது. காஷிமாவுக்கோ பஸ்ஸில் மட்டும் ஏறத்தாழ 2 மணி நேரம். இதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

என் சிபாரிசு: உள்ளூர் ஆட்டத்துக்குச் சீசன் டிக்கெட் வேண்டாம். வார இறுதியில் வரும் உள்ளூர் ஆட்டங்களில் 8 அல்லது 10-ஐத் தனித்தனியாக வாங்குங்கள். கான்டோவுக்குள் வரும் 9 வெளியூர் ஆட்டங்களையும் விடாதீர்கள். மேற்கே ஒன்றோ இரண்டோ. மொத்தம் 20 ஆட்டம் நேரில். வேலைக்குப் போகிறவருக்கு அதற்கு மேல் முடிந்தால் அதிர்ஷ்டம்.

பழைய_மேடை:
சீசன் டிக்கெட் விஷயத்தில் மான்கொம்புவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடைசி வாரம் பட்டம் முடிவாகும் நிலை வந்தால் தனி டிக்கெட் கண்ணில் படாது. 2025 டிசம்பர் 6-ஐ நினைத்துப் பாருங்கள். காஷிமாவுக்கும் காஷிவாவுக்கும் இடையில் ஒரே புள்ளி. காஷிமா சொந்த மண்ணில் மரினோஸை 2-1 என வென்று 76 புள்ளியோடு முடித்தது. காஷிவா 75. அன்றைக்கு உள்ளே இருக்கவாவது சீசன் டிக்கெட் வேண்டாமா?

மான்கொம்பு:
அந்த ஒரு நாளுக்காக 18 நாள் காசைக் கொடுப்பதா? கணக்கு எளிது. சீசன் டிக்கெட் விலையை, நீங்கள் உட்காரும் பகுதியின் சராசரி ஒற்றை டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்தான் சமநிலை, அத்தனை ஆட்டம் போனால் காசு சரிக்குச் சரி. பிறகு அட்டவணையில் வார நாள் இரவு ஆட்டங்களை அடித்துவிடுங்கள். மாலை 7 மணி ஆட்டத்துக்கு டோக்கியோ அலுவலகத்திலிருந்து அரை நாள் விடுப்பு இல்லாமல் போக முடியாது. மிச்சம் உள்ளது சமநிலை எண்ணைத் தாண்டினால் எடுங்கள். இல்லாவிட்டால் ரசிகர் மன்ற உறுப்பினர் ஆகுங்கள். பொது விற்பனைக்கு முன்பே அவர்களுக்கு விற்பனை திறக்கும். கடைசி வார டிக்கெட்டுக்கு அந்த முன்னுரிமை பெரும்பாலும் போதும்.

ஓரக்கோடு:
நாட்காட்டி மாறியதை யாரும் இன்னும் சொல்லவில்லை. 2025 வரை பிப்ரவரி-டிசம்பர். இப்போது ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து டிசம்பர் நடுவில் நின்று, பிப்ரவரியில் திரும்பவும் தொடங்கி, கோடை தொடங்கும் நேரத்தில் முடியும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஆடும் ஆட்டங்களைக் குறைப்பது ஒரு காரணம். ஆசியப் போட்டியும் ஐரோப்பிய ஆட்டக்காரர் சந்தையும் இலையுதிர்-வசந்த முறையில் ஓடுவது இன்னொன்று. பனி கொட்டும் ஊரின் நீகாட்டா இதை வெளிப்படையாக எதிர்த்தது. அந்த அணி இப்போது இரண்டாம் பிரிவான ஜே2-இல்.

இதனால் ரசிகருக்கு என்ன? பழைய வலைப்பதிவுகளில் உள்ள "மார்ச்சில் சீசன் டிக்கெட் விற்பனை முடியும்" வகைக் குறிப்புகள் எதையும் நம்பாதீர்கள். குளிர் இடைவேளையைக் கணக்கில் வைத்து ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டைப் போடுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் லீக் ஆட்டமே இல்லை.

இன்னொன்று. 2026 இடைக்காலப் போட்டியில் சமநிலை ஆட்டத்தைப் பெனால்டியில் முடித்து, அதில் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1 என்று புள்ளி கொடுத்தார்கள். அது அந்த அரைச் சீசனுக்கு மட்டுமான விதி. அந்தப் பட்டியலை வைத்து லீக் பலத்தைக் கணித்தால் சறுக்கும்.

தொஸாய்_லைன்:
நன்றி. அட்டவணை வந்ததும் ஹோட்டல் போடலாமா?

ஓரக்கோடு:
ரத்து செய்ய முடிகிற ஹோட்டல் என்றால் போடுங்கள். பணம் திரும்பாத விமான டிக்கெட் வேண்டாம். முதலில் வரும் அட்டவணையில் பல ஆட்டங்களுக்கு "சனி அல்லது ஞாயிறு" என்றுதான் இருக்கும். நேரம் பிறகு வரும். அதோடு காஷிமா 2025 சாம்பியன் என்பதால் ஆசியக் கிளப்புகளுக்கான ஆசியச் சாம்பியன்ஸ் லீக் எலைட்டிலும் ஆடும். அது செவ்வாய், புதன்களில். அதற்கு ஏற்ப லீக் ஆட்டம் ஒரு நாள் தள்ளும், சில நேரம் வாரக்கணக்கில் தள்ளும். உள்நாட்டுப் போட்டிகளான லெவைன் கோப்பையும் பேரரசர் கோப்பையும் தனி. இவற்றில் முன்னேற முன்னேற லீக் தேதிகள் நகரும். வெற்றி பெறும் அணியைப் பின்தொடர்வதில் இப்படி ஒரு தண்டனை.

மான்கொம்பு:
போக்குவரத்து. நிஷி-கசாயிலிருந்து தொஸாய் லைனில் நிஹோன்பாஷி, அங்கிருந்து டோக்கியோ நிலையத்தின் யாயெசு தெற்கு வாசலுக்கு நடை. அங்கே காஷிமா ஜிங்கூ (காஷிமா ஊர்க் கோயில்) செல்லும் நெடுஞ்சாலைப் பஸ். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று ஏறுவதுதான். ஆட்ட நாளில் மைதானம் வரை போகும் பஸ்களும் உண்டு. எது எங்கே நிற்கும் என்பதை ஏறும் முன் பலகையில் பாருங்கள்.

ரயில் என்றால் நாரிதா லைனில் சவாரா வரை போய், காஷிமா லைனுக்கு மாற வேண்டும். பஸ்ஸைவிட நேரம் அதிகம். காஷிமா லைனில் ஓடுவது 2 பெட்டி வண்டி. மைதானத்துக்கு ஒட்டினாற்போல் "காஷிமா சாக்கர் ஸ்டேடியம்" என்று ஒரு நிலையம் இருக்கிறது, ஆனால் ஆட்ட நாளில்தான் அங்கே வண்டி நிற்கும். சாதாரண நாளில் மைதானத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அப்போது காஷிமா ஜிங்கூ நிலையத்தில் இறங்கி அரை மணிக்கு மேல் நடக்க வேண்டும்.

மிட்டோ பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காஷிமா ரின்காய் ரயிலில் வரலாம். அந்த லைனில் சுயிகா பயண அட்டை செல்லாது. சில்லறையோடு போய்க் காகித டிக்கெட் வாங்குங்கள். சுயிகாவில் ஏறிவிட்டு இறங்கும் இடத்தில் மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்கும் வரிசை முழுக்கக் காத்திருக்கும்.

பழைய_மேடை:
போவது பெரிய விஷயமில்லை, திரும்புவதைச் சொல்லுங்கள்.

மான்கொம்பு:
அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். காஷிமா நகரத்தின் மக்கள்தொகை 70,000-க்கும் குறைவு. மைதானத்தில் ஏறத்தாழ 40,000 பேர் உட்காரலாம். ஊரில் பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் வெளியே வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார்கள் எல்லாம் இதாக்கோ நெடுஞ்சாலை வாசலை நோக்கிப் போகும். உங்கள் பஸ்ஸும் அதே வழிதான். பகல் 2 மணி ஆட்டம் என்றால் தாமதமானாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு சேரலாம். இரவு 7 மணி ஆட்டம் 9 மணிக்கு முடியும், பஸ் வரிசை, நெரிசல், பிறகு டோக்கியோ வரும்போது நள்ளிரவைத் தொடும். தொஸாய் லைனின் கடைசி வண்டி நேரத்தை முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு ஆட்டமா? திங்கள் காலைக் கூட்டத்தில் கேமராவை அணைத்தே வைக்கலாம்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, நடுவர் விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து குனிந்து வணங்குவதைப் பார்க்காமல் வரிசைக்கு ஓடுவது. இன்னொன்று, அதை நிதானமாகப் பார்த்து, கூட்டம் வடிந்த பிறகு கிளம்புவது. நடுவில் கிளம்புகிறவர்தான் அதிகம் நிற்பார்.

எதிரணி_மேடை:
உராவா ரசிகனாக ஒரு கேள்வி. இவ்வளவு பாடுபட்டு ஏன் காஷிமா? நிஷி-கசாயிலிருந்து காஷிவா பக்கம், எங்கள் சைதாமா மைதானமும் உராவா-மிசோனோவில் இறங்கி 20 நிமிட நடைதான். 63,700 இருக்கை, டிக்கெட்டும் கிடைக்கும்.

பழைய_மேடை:
உங்கள் மைதானம் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். பட்டத்தை எண்ணலாமா? உங்களுக்கு லீக் பட்டம் 2006-இல் ஒன்று. காஷிமாவுக்கு 9: 1996, 1998, 2000, 2001, 2007, 2008, 2009, 2016, 2025. 1993-இல் லீக் தொடங்கியபோது இருந்த 10 அணிகளில் ஒருமுறைகூடக் கீழே இறங்காதவை இரண்டே இரண்டு, காஷிமாவும் மரினோஸும்.

எதிரணி_மேடை:
ஆசியச் சாம்பியன்ஸ் லீக் பட்டத்தையும் சேர்த்து எண்ணுங்கள். எங்களுக்கு 3, உங்களுக்கு 2018-இல் ஒன்று. 😊

மான்கொம்பு:
சரி, சரி. புதியவருக்காக ஒரு வரி மட்டும். சுமிதோமோ மெட்டல்ஸ் எஃகு ஆலையின் அணி, இரண்டாம் தரப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. லீக் தொடங்கும்போது இந்தச் சின்ன ஊரைச் சேர்க்க வேண்டும் என்றால் கூரையுள்ள 15,000 இருக்கை கால்பந்து மைதானம் கட்டுங்கள் என்றார்கள். கட்டினார்கள். 1991-இல் பிரேசில் நட்சத்திரம் ஜீகோ வந்தார். 1993 மே 16, முதல் லீக் ஆட்டத்தில் நாகோயாவை 5-0, ஜீகோ 3 கோல். அர்ப்பணிப்பு, நேர்மை, மரியாதை என்று அவர் விட்டுப்போன மூன்று சொற்களைக் கிளப் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மைதானத்துக்கு வெளியே அவர் சிலை இருக்கிறது. அணியின் பெயரில் உள்ள மான்கொம்பு, காஷிமா ஜிங்கூ கோயில் மான்களிலிருந்து வந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் அணி அங்கே போய் வெற்றிக்கு வேண்டிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான், முன்னதாக வந்தால் பாருங்கள்.

தொஸாய்_லைன்:
டிக்கெட் வாங்கும் தளத்தில் பெயர்ப் பெட்டியிலேயே நின்றுவிட்டது. "சரியான எழுத்தில் இடவும்" என்று திரும்பத் திரும்ப வருகிறது.

ஓரக்கோடு:
எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். பெயரின் உச்சரிப்புப் பெட்டி முழு அகலக் கடகானா (ஜப்பானிய ஒலி எழுத்து) மட்டும் ஏற்கும். அரை அகலமோ நடுவில் சாதாரண இடைவெளியோ இருந்தால் தள்ளிவிடும். உங்கள் வங்கிக் கணக்கில் எந்தக் கடகானா எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் இடுங்கள். ரசிகர் மன்றத்துக்கு ஒன்று, டிக்கெட்டுக்கு ஒன்று என்று இருந்தால் பின்னால் இணைக்கும்போது தலைவலி.

வரிசை இப்படி: ஜே லீக் ஐடி உருவாக்குங்கள், பிடித்த கிளப்பாகக் காஷிமாவைக் குறியுங்கள், பிறகு ஜே லீக் டிக்கெட் தளத்தில் அதே ஐடியால் நுழையுங்கள். வெளிநாட்டு அட்டை சில நேரம் சரிபார்ப்பில் விழும். அப்போது கன்வீனியன்ஸ் கடையில் பணம் கட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். சிறு கட்டணம் கூடும், கெடு நேரமும் உண்டு. கெடு தாண்டினால் டிக்கெட் தானாகப் போய்விடும்.

நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கினால் ஒவ்வொருவருக்கும் க்யூஆர் குறியைத் தளத்திலேயே பங்கிட்டு அனுப்பலாம். வாசலில் ஒரே ஃபோனில் நான்கு பேர் நுழைய முயல வேண்டாம். போக முடியாமல் போனால் அதே தளத்தில் அதிகாரபூர்வ மறுவிற்பனை இருக்கிறது. சமூக வலைத்தளத்தில் கூடுதல் விலைக்கு விற்பதும் வாங்குவதும் வேண்டாம். 2019 ஜூன் முதல் அதற்கென்று சட்டமே இருக்கிறது.

வெளியூர் ஆட்டத்தில் இன்னும் கவனம். காஷிவா மைதானம் 15,000 அளவுதான், வெளியூர் ரசிகருக்கான விருந்தினர் பகுதி சின்னது. விற்பனை திறக்கும் நிமிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மச்சிதா மைதானம் குன்றின் மேல், நிலையத்திலிருந்து பஸ். திரும்பும் பஸ் வரிசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேற்கே ஒரே ஒரு பயணம் என்றால் ஹிரோஷிமாவின் புது மைதானம் 2024-இல் திறந்தது, நகர நடுவில். நாகசாகியும் அப்படித்தான், ரயில் நிலையத்திலிருந்து நடை.

பழைய_மேடை:
மேடை பற்றி. கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள பகுதியை ஜப்பானியர் "கோரு உரா" என்பார்கள். அதற்குள்ளும் நடுப்பகுதி வேறு, ஓரம் வேறு. நடுவில் 90 நிமிடமும் நின்று, கைதட்டி, குதித்து, பாட வேண்டும். கொடி முகத்துக்கு முன்னால் ஆடும், பந்து தெரியாது. புதியவர் தாராளமாக வரலாம், ஆனால் முதல் இரண்டு ஆட்டத்துக்கு ஓரமாக, கொஞ்சம் மேலே நில்லுங்கள். பாட்டு இரண்டு வரிதான், திரும்பத் திரும்ப வரும், அரை மணியில் பிடிபடும்.

செய்யக் கூடாதவை: எதிரணி நிறத்தில் சட்டை. உராவாவும் சிவப்பு என்பதால், "சிவப்புதானே" என்று வெறும் சிவப்புச் சட்டையில் சைதாமாவின் பக்கவாட்டு இருக்கைக்குப் போய்க் காஷிமா கோலுக்குக் குதித்தால் காவலர் வந்து இடம் மாற்றுவார். விருந்தினர் பகுதிக்குள் மட்டும் அணிச்சட்டை. வெளியே வரும்போது மேலே ஒன்றைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். முதுகில் 12 போட்ட சட்டை ஆட்டக்காரருடையது அல்ல, ரசிகருக்கென்று ஒதுக்கியது. யாரை வாங்குவது என்று தெரியாதவருக்கு அதுதான் பாதுகாப்பான எண். ஜனவரியில் விற்றுவிட்டார்களே என்று அழ வேண்டாம்.

பட்டாணி_சுண்டல்:
சாப்பாடு பற்றி யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். காஷிமா மைதானம் ஜப்பான் முழுக்கப் பேசப்படுவது மொத்சுனிக்காக. பன்றிக் குடலை மிசோவில் (புளித்த சோயா விழுது) கொதிக்க வைத்த குழம்பு. கடைக்குக் கடை ருசி மாறும். பிப்ரவரி இறுதியில் பசிபிக் காற்று அடிக்கும்போது அந்தக் கிண்ணத்தைக் கையில் பிடித்தாலே போதும் என்பார்கள். சுட்ட ஹாம் குச்சியும் பிரபலம்.

சைவர்களுக்குத்தான் சோதனை. உருளை வறுவல், அவித்த எடமாமே (பச்சைச் சோயா), அதோடு முடிந்தது. சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை இல்லை. ஒனிகிரி (சோற்று உருண்டை) வாங்கும்போது கவனம்: கொம்பு (கடற்பாசி), உமே (புளிப்புப் பழ ஊறுகாய்) என்று எழுதியிருந்தாலும் மசாலாவில் மீன் சாறு இருக்கலாம். பின்பக்கம் படியுங்கள். வெறும் உப்புப் போட்ட ஷியோ முசுபி ஓரளவு நம்பலாம். வீட்டிலிருந்து புளிசாதம் கொண்டுபோனால் இன்னும் நல்லது, வெயிலில் கெடாது. தயிர்சாதம் ஆகஸ்ட்டில் வேண்டாம்.

கேன், கண்ணாடிப் பாட்டில் உள்ளே போகாது. வாசலில் காகிதக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். கேனை நுழைவதற்கு முன் திறந்து வைக்காதீர்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். குப்பைக்கு ஒரு பை.

கொட்டும்_மழை:
குடையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருக்கையில் குடை விரிக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். கூரை இருக்கிறதே என்று நம்பி முன் வரிசை வாங்கினால் நனைவீர்கள். காற்று கடல் பக்கமிருந்து சாய்த்து அடிக்கும். மழைச்சட்டை, அதோடு பையை முழுதாகப் போட்டு மூட 45 லிட்டர் குப்பைப் பை ஒன்று. இடி விழுந்தால் ஆட்டம் நிற்கும், எல்லோரையும் கூரைக்கடியில் போகச் சொல்வார்கள். தொடங்கும் முன்பே ரத்தானால் டிக்கெட் காசு திரும்பும். பஸ் காசு திரும்பாது.

சிங்கைப்_பார்வை:
நேரில் போக முடியாத எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஓரக்கோடு:
ஜப்பானுக்குள் என்றால் டாசோன் இணைய ஒளிபரப்பு, 2017-இலிருந்து அவர்களிடம்தான். வெளிநாட்டுக்கு ஜே லீக் இன்டர்நேஷனல் யூடியூப் சேனல் சில ஆட்டங்களை நேரலையாகத் தரும். நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் 7 மணி ஆட்டம் சிங்கப்பூரில் 6 மணி, சென்னையில் பிற்பகல் 3:30. பகல் 2 மணி ஆட்டம் சென்னையில் காலை 10:30. ஐரோப்பிய லீக்குக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் யோசிக்க வேண்டிய நேரம் இது.

திரையில் பார்க்கிறவர்கள் வாரா வாரம் கவனிக்க வேண்டியவை சில. மஞ்சள் அட்டை 4 சேர்ந்தால் ஒரு ஆட்டம் தடை. மூன்றில் நிற்பவர் யார் என்று தெரிந்தால் அடுத்த வார அணி பாதி தெரியும். இரவல் ஆட்டக்காரர் பெரும்பாலும் தாய் அணிக்கு எதிராக ஆட மாட்டார், ஒப்பந்தத்திலேயே இருக்கும். காயம் என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள். புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல். கடைசி 3 இடம் இறக்கம். 2025-இல் லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் காஷிமாவின் லியோ செயாரா, 21 கோல். ஆனால் சிறந்த ஆட்டக்காரர் விருது கோல்கீப்பர் ஹயகாவாவுக்குப் போனது. அந்த அணி எப்படி வென்றது என்பது அதிலேயே இருக்கிறது.

தொஸாய்_லைன்:
எல்லாம் குறித்துக்கொண்டேன். ரசிகர் மன்றம், தனி டிக்கெட், பஸ். முதல் ஆட்டமாக எதைத் தேர்ந்தெடுப்பது?

மான்கொம்பு:
உள்ளூரில், பகல் ஆட்டம், நடுப்பட்டியல் அணிக்கு எதிராக. உராவா, காவாசாகி வரும் நாளை முதல் ஆட்டமாக வைக்காதீர்கள், நெரிசலிலேயே களைத்துப்போவீர்கள். கிக்-ஆஃபுக்கு 4 மணி நேரம் முன்பே யாயெசுவில் வரிசையில் நில்லுங்கள்.

எதிரணி_மேடை:
மிட்டோ ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே இபராக்கி மாகாணத்து அணிகள், 2025 வரை ஜே1-இல் சந்தித்ததே இல்லை. மிட்டோ மைதானம் சின்னது, டிக்கெட் திறக்கும் நாளைக் குறித்துவையுங்கள்.

தொஸாய்_லைன்:
கடைசியாக ஒன்று. திரும்பும் பஸ்ஸில் கழிப்பறை உண்டா?

பழைய_மேடை:
வண்டிக்கு வண்டி மாறும். நெரிசலில் 3 மணி நேரம் ஆகலாம். மைதானத்திலேயே முடித்துவிட்டு வரிசைக்குப் போங்கள். இரண்டாம் பாதி 80-வது நிமிடத்தில் அங்கே கூட்டமே இருக்காது.

பட்டாணி_சுண்டல்:
அந்த 80-வது நிமிடத்தில்தான் கோல் விழும்.